எபிரேய வேதத்தில் சொல்லும் எண்ணும்: குறிப்பேட்டோடு உட்கார்ந்து படிக்க ஒரு வழிகாட்டி

எரேமியாவிடம் கர்த்தர் கேட்கிறார்: "நீ என்னத்தைக் காண்கிறாய்?" வாதுமை மரக் கிளை ஒன்றைக் காண்கிறேன் என்கிறார் எரேமியா. நீ கண்டது சரி, என் வார்த்தையைத் தீவிரமாய் நிறைவேற்றுவேன் என்று பதில் வருகிறது. தமிழில் எத்தனை முறை படித்தாலும் இந்த இரண்டு வசனங்களும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. வாதுமைக் கிளைக்கும் வார்த்தை நிறைவேறுவதற்கும் என்ன உறவு?

எபிரேயத்தில் வாதுமை என்பது ஷாகேத். விழித்துக் காத்திருப்பவன் ஷோகேத். இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே: ஷீன், கோப், தாலெத். உயிரொலி மட்டும்தான் வேறு. அந்த நாட்டில் குளிர்காலம் முடியும் முன்பே, இலைகூட விடாத கிளையில் முதலில் பூப்பது வாதுமை. மற்ற மரங்கள் உறங்கும்போது விழித்துக்கொள்கிற மரம். "ஷாகேத் பார்க்கிறேன்" என்று சொன்னவனிடம் "நான் ஷோகேத்" என்கிறார் கர்த்தர். ஆமோஸ் 8-ஆம் அதிகாரத்திலும் இப்படித்தான். ஒரு கூடை கோடைப்பழம், எபிரேயத்தில் காயிட்ஸ். உடனே வருகிற தீர்ப்பு: என் ஜனத்துக்கு முடிவு வந்தது. முடிவு என்பது கேட்ஸ்.

மொழிபெயர்ப்பில் பொருள் வந்து சேர்ந்துவிடுகிறது, ஒலி வந்து சேர்வதில்லை. அந்த ஒலியையும், அதோடு பின்னிக்கிடக்கும் எண்களையும் தமிழ் வேதாகமம் மட்டுமே கையில் இருக்கிற ஒருவர் எப்படித் தேடிப் போகலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எபிரேயம் சரளமாகத் தெரிய வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒரு குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தி: உரை தானே வெளிப்படையாகச் சொல்வது. இரண்டாவது: பழைய வாசகர்கள் அதில் கேட்டது. மூன்றாவது: எனக்குத் தோன்றுவது. எதைக் கண்டுபிடித்தாலும் இந்த மூன்றில் எதில் எழுதுவது என்று முடிவு செய்த பிறகே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற "எபிரேயத்தில் இந்த எண்ணுக்கு இதுதான் அர்த்தம்" வகைச் செய்திகளில் பெரும்பாலானவை மூன்றாம் பத்தியில் இருக்க வேண்டியவை, முதல் பத்தியின் குரலில் பேசுகின்றன.

படி 1: இருபத்திரண்டு எழுத்துகள்

எபிரேயத்தில் எழுத்துகள் 22, எல்லாமே மெய். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். உயிர்ப்புள்ளிகள் பிறகு வந்தவை. திபேரியா நகரத்து மசோரெத் அறிஞர்கள் பல தலைமுறைகளாக வாசிப்பு மரபைக் காத்து, எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளியிட்டார்கள். முழு எபிரேய வேதமும் அடங்கிய மிகப் பழைய கையெழுத்துப் பிரதி 1008-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டது, இன்று ரஷ்யாவில் இருக்கிறது.

எழுத்துகளின் பெயர்கள் உங்களுக்குப் புதிதல்ல. சங்கீதம் 119-ஐத் திறந்தால் எட்டு வசனத்துக்கு ஒரு தலைப்பாக ஆலெப், பேத், கிமெல் என்று வரிசையாக நிற்கும். 22 எழுத்து, எழுத்துக்கு 8 வசனம், மொத்தம் 176. ஒவ்வொரு கட்டில் வருகிற எட்டு வசனங்களும் அந்தந்த எழுத்தில் தொடங்கும். நம் ஆத்திசூடி அகர வரிசையில் போவதைப் போல.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆலெப் 1, பேத் 2, கிமெல் 3, தாலெத் 4, ஹே 5, வாவ் 6, ஸாயின் 7, ஹேத் 8, தேத் 9, யோத் 10. அடுத்து பத்துப் பத்தாக: காப் 20, லாமெத் 30, மேம் 40, நூன் 50, சாமெக் 60, ஆயின் 70, பே 80, த்சாதே 90. பிறகு கோப் 100, ரேஷ் 200, ஷீன் 300, தாவ் 400. இதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தமிழருக்கு இது விசித்திரமாகத் தோன்றக் கூடாது. "எட்டேகால் லட்சணமே" என்று ஔவையார் பாடியதாக வழங்கும் வரியில் எட்டு என்பது அ, கால் என்பது வ. சேர்த்துப் படித்தால் அவலட்சணமே. எழுத்தும் எண்ணும் ஒரே உருவில் இருந்த மொழிகளில் இந்த விளையாட்டு தானாகவே பிறக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எபிரேய வேத உரையில் எண்கள் சொல்லாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன: ஏழு, நாற்பது, அறுநூறு என்று. எழுத்தை எண்ணாக எழுதும் பழக்கம் தெளிவாகத் தெரிவது பிற்காலத்தில். ரோமருக்கு எதிராக யூதர் எழும்பிய கி.பி. 66 முதல் 70 வரையான காலத்து வெள்ளிச் சேக்கல் காசுகளில் கிளர்ச்சியின் முதல் ஆண்டு ஆலெப், இரண்டாம் ஆண்டு பேத் என்று பொறித்திருக்கிறார்கள். இந்தக் கால இடைவெளியை நினைவில் வைத்தால் படி 6-இல் பல குழப்பங்கள் தவிர்க்கப்படும்.

அடுத்து வேண்டியது, ஒவ்வொரு எபிரேயச் சொல்லுக்கும் எண் கொடுத்திருக்கும் ஸ்ட்ராங் அகராதி. 1890-இல் வெளியானது. இன்று கைபேசிச் செயலிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. வசனத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் எண் வரும்: ரூவாஹ் 7307, நெப்பேஷ் 5315, ஹெசெத் 2617. இந்த எண்கள் வெறும் அகரவரிசை எண்கள், வேறு மர்மம் எதுவும் இல்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு அதே சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடலாம். அகராதி தருகிற பொருள் பட்டியலைவிட இந்தத் தேடல்தான் பயன்.

படி 2: வேரைத் தேடுவது

பெரும்பாலான எபிரேயச் சொற்கள் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து கிளைக்கின்றன. இந்தக் கட்டுரைக்கே பொருத்தமான ஒரு வேரை எடுத்துக்கொள்வோம்: சாமெக், பே, ரேஷ். இதிலிருந்து சேபெர், புத்தகம். சோபேர், எழுத்தன், நம் வேதாகமத்தில் வேதபாரகன். மிஸ்பார், எண். எண்ணுவதும் இதே வேர்தான், எடுத்துச் சொல்வதும் இதே வேர்தான். ஆபிரகாமிடம் நட்சத்திரங்களை எண்ணச் சொல்லும்போது வருவது இந்த வினை. வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்ற சங்கீதம் 19-இன் முதல் வரியிலும் இதே வினை வேறு வடிவில் வருகிறது. பழைய வேதபாரகர் தோராவின், அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களின், எழுத்துகளையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்ததால்தான் அவர்களுக்கு அந்தப் பெயர் என்று யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது.

சங்கீதம் 56:8-ஐ இந்தக் கண்ணோடு படியுங்கள். என் அலைச்சல்களை எண்ணியிருக்கிறீர், என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவை உம்முடைய கணக்கில் அல்லவா இருக்கிறது. முதலில் வருகிற "எண்ணியிருக்கிறீர்" என்பதும் கடைசியில் வருகிற "கணக்கு" என்பதும் ஒரே வேர். நடுவில் இன்னொன்று: அலைச்சல் என்பது நோத், தோல் துருத்தியும் நோத். எழுத்தில் சிறு வேறுபாடு, காதில் ஒரே ஒலி. ஊர் ஊராக ஓடி ஒளிந்த ஒருவனின் நோத் எல்லாம் ஒரு நோதுக்குள் சேமிக்கப்படுகிறது. எனக்கு இந்த வசனம் பிடித்துப்போனதே இது தெரிந்த பிறகுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஒலி ஒன்றாக இருந்தால் வேர் ஒன்று என்று அர்த்தமில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டு வேதபாடத்தில், ஏழு என்னும் ஷேவாவும் ஓய்வுநாள் என்னும் ஷப்பாத்தும் ஒரே வேர் என்று நான் சொன்னேன். கேட்டவர்கள் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஒரு அண்ணன் அகராதியோடு வந்து காட்டினார். ஏழு என்பது ஷீன், பேத், ஆயின். ஓய்வது என்பது ஷீன், பேத், தாவ். கடைசி எழுத்து வேறு. ஏழாம் நாளில் ஓய்வு என்னும்போது உரை இரண்டையும் அருகருகே வைத்து ஒலிக்கவிடுகிறது, அது உண்மை. வேர் ஒன்று என்பது தவறு. தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதும்போது இப்படிப்பட்ட வேறுபாடுகள் மறைந்துபோகும். அதனால் எழுத்தின் பெயரைச் சொல்லியே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு சொல்லின் இடங்களையெல்லாம் சேர்ப்பது

நெப்பேஷ் என்ற சொல்லை எடுங்கள். தமிழில் பெரும்பாலும் ஆத்துமா. அந்தச் சொல்லைக் கேட்டதும் உடலுக்குள் இருக்கும் அழியாத ஒன்று நம் மனதில் வந்துவிடுகிறது. இப்போது இடங்களைத் தேடுங்கள். ஏசாயா 5:14-இல் பாதாளம் தன் நெப்பேஷை விரித்து, வாயை அளவில்லாமல் திறக்கிறது. எண்ணாகமம் 11:6-இல், வனாந்தரத்தில் மன்னாவைத் தவிர ஒன்றுமில்லை என்று அழுகிறவர்கள், எங்கள் நெப்பேஷ் வறண்டுபோயிற்று என்கிறார்கள். சங்கீதம் 69-இன் தொடக்கத்தில் வெள்ளம் நெப்பேஷ் வரைக்கும் வந்துவிட்டது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தெரிகிறது: தொண்டை. தண்ணீர் கழுத்துமட்டும் ஏறிவிட்டது, இன்னும் ஒரு சாண் ஏறினால் மூச்சு போய்விடும். அந்தக் கூக்குரலில் "ஆத்துமா" என்று படிக்கும்போது நாம் நீரை உணர்வதே இல்லை.

தொண்டையிலிருந்து மூச்சு, பசி, ஆசை, உயிர், "நான்" என்று பொருள் விரிகிறது. ஆதியாகமம் 2:7-இல் மனிதன் ஜீவனுள்ள நெப்பேஷ் ஆனான். முதல் அதிகாரத்தில் நீந்துகிற பிராணிகளுக்கும் காட்டு மிருகங்களுக்கும் இதே சொல்தான். முழு நெப்பேஷோடும் அன்புகூரு என்று உபாகமம் 6:5 சொல்லும்போது, உள்ளிருக்கும் ஏதோ ஒரு பாகத்தைக் கேட்கவில்லை. உன் மூச்சு, உன் பசி எல்லாவற்றையும் கேட்கிறது.

ரூவாஹ் விஷயத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. காற்று, மூச்சு, ஆவி மூன்றும் அந்த ஒரே சொல். நம் "ஆவி"யும் இட்லிப் பானையிலிருந்து எழுவதையும், உயிர் மூச்சையும், கண்ணுக்குத் தெரியாததையும் சேர்த்தே சொல்கிறது. எசேக்கியேல் 37:9-இல் நான்கு ரூவாஹ்களிலிருந்தும் ரூவாஹே வா என்கிறான் தீர்க்கதரிசி. முதலாவது திசைக்காற்று, இரண்டாவது உயிர்.

ஹெவெல் இதற்கு நேர் எதிர். பிரசங்கி புத்தகத்தில் "மாயை" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். மாயை நம் மண்ணில் பெரிய தத்துவச் சுமையோடு வருகிற சொல்: காண்பது பொய் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஹெவெல் அப்படிப்பட்டதல்ல. அது மூச்சுக்காற்று, நீராவி. பனிக்காலக் காலையில் வாயிலிருந்து புகையாக வந்து மறைவது. அது பொய்யல்ல, உண்மைதான், ஆனால் கையில் நிற்காது. ஆதியாகமம் 4-இல் கொல்லப்படுகிற தம்பியின் பெயரும் இதுவே. நாம் ஆபேல் என்கிறோம், எபிரேயத்தில் ஹெவெல். வந்தான், போனான்.

இடங்களைச் சேர்த்து முடித்ததும் வருகிற ஆசை ஒன்று உண்டு: கண்டுபிடித்த எல்லாப் பொருளையும் ஒரே வசனத்தில் கொட்டுவது. தமிழில் "படி" என்றால் வாசி, அளவை, படிக்கட்டு. "மாடிப்படி" என்று ஒருவர் சொன்னால் அதில் அளவையையும் வாசிப்பையும் யாரும் கேட்பதில்லை. எபிரேயருக்கும் காது அப்படித்தான் இருந்தது. அந்த இடத்தில் எது பொருந்துகிறதோ அதை மட்டும் முதல் பத்தியில் எழுதுங்கள்.

படி 4: பெயர் விளக்கங்களைக் கேட்பது

வேதம் தானே சொல்கிற பெயர் விளக்கங்கள் பல இடங்களில் மொழிநூல் விளக்கங்கள் அல்ல, ஒலி விளக்கங்கள். பாபெல் என்ற பெயருக்கு ஆதியாகமம் 11:9 தருகிற காரணம் பாலல், குழப்பினார். பாபிலோனியர் தங்கள் மொழியில் அந்தப் பெயரைக் கடவுளின் வாசல் என்று புரிந்துகொண்டார்கள். எபிரேய எழுத்தாளர் அந்தப் பெருமையை எடுத்துக் குழப்பமாக்கிக் காட்டுகிறார். மோசே என்ற பெயரைத் தண்ணீரிலிருந்து எடுத்ததோடு இணைக்கிறது யாத்திராகமம். எகிப்திய மொழியில் அந்த ஒலி "பிறந்தவன்" என்று பொருள்படும், துத்மோஸ் போன்ற அரசர் பெயர்களில் வருவது. இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை வைத்து மற்றொன்றை அடிக்க வேண்டாம்.

ஆதாம் மண்ணிலிருந்து, அதாவது அதாமாவிலிருந்து உருவாக்கப்பட்டான். இதைக் கேட்டவுடன் தமிழில் "மண், மனிதன்" என்று இணைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மனிதன் வடமொழி வழியாக வந்த சொல், மண்ணோடு அதற்கு உறவில்லை. மேடையில் அழகாக ஒலிக்கலாம், ஆனால் அது மூன்றாம் பத்தி.

ஆதியாகமம் 2-இன் கடைசி வசனமும் 3-இன் முதல் வசனமும் தனித்தனி அதிகாரமாகப் பிரிந்துகிடப்பதால் நாம் இழப்பது ஒன்று: அவர்கள் இருவரும் நிர்வாணிகள், அரூம்மிம். சர்ப்பம் தந்திரமுள்ளது, ஆரூம். இந்த ஒலிதான் இரண்டு காட்சிகளுக்கும் இடையிலான பாலம்.

படி 5: எண்ணை முதலில் எண்ணாகவே படிப்பது

எண்களுக்கு வந்ததும் எல்லோரும் "ஏழு என்றால் என்ன, நாற்பது என்றால் என்ன" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி, இங்கே இது கணக்கா, வழக்கா, வடிவமா என்பது.

நமக்கும் வழக்கு எண்கள் உண்டு. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிறோம். ஏழு கடல் ஏழு மலை தாண்டி என்று கதை சொல்கிறோம். மருந்தை ஒரு மண்டலம் சாப்பிடச் சொன்னால் 48 நாள். மொய் 100 எழுதாமல் 101 எழுதுகிறோம். யாரும் இவற்றைப் பொய் என்று சொல்வதில்லை, ரகசியக் குறியீடு என்றும் சொல்வதில்லை.

நாற்பது அப்படிப்பட்ட எண். மழை 40 நாள், மோசே மலையில் 40 நாள், வேவுகாரர் 40 நாள், வனாந்தரம் 40 வருஷம், கோலியாத் வந்து நின்றது 40 நாள், எலியா ஓரேபுக்கு நடந்தது 40 நாள், தாவீதும் சாலொமோனும் 40, 40 வருஷம். நியாயாதிபதிகள் புத்தகத்தில் தேசம் 40 வருஷம் அமைதலாயிருந்தது என்று திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு முறை 80. எகிப்திலிருந்து புறப்பட்டது முதல் ஆலயம் வரை 480 வருஷம் என்கிறது 1 இராஜாக்கள் 6:1. அது 12 நாற்பது. ஒரு காலம் முழுமையாகக் கடந்தது, ஒரு தலைமுறை போயிற்று என்பதை நாற்பது சுமக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் "சோதனை" என்று ஒரே சீட்டை ஒட்டினால், அமைதியாக இருந்த அந்த நாற்பதுகளை என்ன செய்வது?

ஏழில் கணக்கு, வழக்கு, வடிவம் மூன்றும் கலந்து வருகின்றன. எரிகோவில் ஏழு ஆசாரியர், ஏழு எக்காளம், ஏழு நாள், ஏழாம் நாளில் ஏழு சுற்று: உரை தானே சத்தமாக எண்ணிக் காட்டுகிறது. லேவியராகமம் 25-இல் ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு, ஏழேழு 49 முடிந்து 50-ஆம் வருஷம் யூபிலி: அது சட்டம், கணக்கு. ஆனால் ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் மறைந்திருக்கும் ஏழு என்ற எண்ணைத் தமிழில் பார்க்கவே முடியாது. "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" தமிழில் ஐந்து சொல். எபிரேயத்தில் ஏழு: பெரெஷித், பாரா, எலோஹிம், எத், ஹஷ்ஷாமாயிம், வெஎத், ஹாஆரெட்ஸ். 28 எழுத்து. இரண்டாம் வசனம் 14 சொல். நல்லது என்று கண்டார் என்பது அந்த அதிகாரத்தில் ஏழு முறை. தேவன் என்ற பெயர் 1:1 முதல் 2:3 வரை 35 முறை. ஏழு நாள் கதையில் இத்தனை ஏழு தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. எழுதியவர் சொல்லை எண்ணி வைத்திருக்கிறார். ஆனாலும் உரை இதை வாயால் சொல்லவில்லை என்பதால் "முதல் பத்தி, பென்சிலில்" என்று குறித்திருக்கிறேன்.

பென்சிலில் எழுத வேண்டிய இன்னொன்று, முற்பிதாக்களின் வயது. ஆபிரகாம் 175. அது 7 பெருக்கல் 5 வர்க்கம். ஈசாக்கு 180: 5 பெருக்கல் 6 வர்க்கம். யாக்கோபு 147: 3 பெருக்கல் 7 வர்க்கம். ஒரு பக்கம் 7, 5, 3 என்று இறங்குகிறது, மறுபக்கம் 5, 6, 7 என்று ஏறுகிறது. யோசேப்பு 110. அந்த மூன்று வர்க்கங்களையும் கூட்டுங்கள்: 25, 36, 49. சரியாக 110. எகிப்தியருக்கு 110 நிறைவான ஆயுளின் எண் என்பதும், யோசேப்பு எகிப்தில் வாழ்ந்து முடித்தவர் என்பதும் இதோடு சேர்கின்றன. இதை முதலில் தாளில் போட்டுப் பார்த்த இரவு நான் நெடுநேரம் விழித்திருந்தேன்.

கவிதையில் வருகிற ஏறு எண்களை எளிதாக அடையாளம் காணலாம். கர்த்தர் வெறுக்கிறது ஆறு, ஏழும் அவருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள் 6:16. "ரெண்டு மூணு பேர் வந்தாங்க" என்று நாம் சொல்வதுபோன்ற குத்துமதிப்பு அல்ல அது. எண்ணிப் பாருங்கள், அடுத்து வருவது சரியாக ஏழு. நீதிமொழிகள் 30-இல் மூன்று உண்டு, நான்கும் உண்டு என்றால் பட்டியலில் நான்கு இருக்கும். இரண்டாவது எண்தான் மெய்யான எண், பெரும்பாலும் கடைசியாக வருவதுதான் சொல்ல வந்த விஷயம்.

பெரிய எண்களில் எலெப் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆயிரம் என்று பொருள், குலம் அல்லது படைப்பிரிவு என்றும் பொருள். மீகா 5:2-இல் பெத்லகேம் யூதாவின் "ஆயிரங்களுக்குள்ளே" சிறியது என்று தமிழில் படிக்கும்போது தடுக்குவது இதனால்தான்: குலங்களுக்குள்ளே சிறியது. அப்பேக்கில் மதில் விழுந்து 27,000 பேர் செத்தார்கள் என்பது 27 பிரிவுகளாக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது எல்லா இடத்திலும் செல்லாது. வனாந்தரக் கணக்கில் புருஷர் 603,550. யாத்திராகமம் 38-இல் அவர்கள் தலைக்கு அரைச் சேக்கல் கொடுத்த வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று கணக்கிட்டால் 301,775 சேக்கல், இரட்டித்தால் 603,550. அங்கே உரை ஆயிரத்தை ஆயிரமாகவே எண்ணுகிறது.

எண் மேல் பொருளைக் கட்டுவதற்கு முன் பழைய மொழிபெயர்ப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள். நினிவே கவிழ எபிரேயத்தில் 40 நாள், கிரேக்க செப்துவஜிந்தில் மூன்று நாள். யாக்கோபின் குடும்பம் எபிரேயத்தில் 70, கிரேக்கத்தில் 75, ஸ்தேவான் அப்போஸ்தலர் 7-இல் சொல்வதும் 75. சங்கீதம் 145 அகரவரிசைப் பாட்டு, ஆனால் 21 வசனம்தான், நூன் எழுத்தைக் காணோம். அந்த விடுபட்ட எழுத்துக்கு ஆழ்ந்த காரணம் சொன்னவர்கள் உண்டு. சாக்கடல் அருகே கிடைத்த பழைய சுருள் ஒன்றில் அந்த நூன் வரி இருக்கிறது.

படி 6: எழுத்துக் கூட்டல்

ஒரு சொல்லின் எழுத்து மதிப்புகளைக் கூட்டிப் பார்ப்பதற்குக் கெமத்ரியா என்று பெயர். ஆதியாகமம் 14:14-இல் ஆபிராம் 318 பேரோடு லோத்தை மீட்கப் போகிறார். ஏன் 318? உண்மையில் போனது ஆபிராமின் வேலைக்காரன் எலியேசர் ஒருவனே என்று தல்மூதில் ஒரு விளக்கம். கூட்டிப் பாருங்கள்: ஆலெப் 1, லாமெத் 30, யோத் 10, ஆயின் 70, ஸாயின் 7, ரேஷ் 200. மொத்தம் 318. அழகான கூட்டல், இரண்டாம் பத்திக்கு உரியது. ஆதியாகமத்தை எழுதியவர் இதை நினைத்தார் என்று யாராலும் காட்ட முடியாது. ரபீக்கள் இப்படிக் கேட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

மத்தேயு 1-இல் மூன்று பதினான்கு தலைமுறைகள். தாவீது என்பது தாலெத், வாவ், தாலெத்: 4, 6, 4, ஆகப் 14. வம்ச வரலாறே தாவீதின் குமாரன் என்று தொடங்குவதால் இது பொருந்திவருகிறது. ஆனால் நாளாகம புத்தகங்களில் அதே பெயர் நடுவில் ஒரு யோத் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது, அப்போது 24. வெளிப்படுத்தின விசேஷத்தின் 666-க்கு, நெரோன் கேசர், அதாவது ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டுவது பலர் ஏற்கும் விளக்கம்: 50, 200, 6, 50, பிறகு 100, 60, 200. இதில் எனக்கு வலுவாகப் படுவது, சில பழைய பிரதிகளில் 616 என்று இருப்பது. லத்தீன் முறைப்படி நெரோ என்று கடைசி நூனை விட்டால் 50 குறைந்து அதுவே வருகிறது.

எபிரேய வேதத்துக்குள்ளேயே எழுத்து விளையாட்டு வெளிப்படையாக இருக்கிற இடம் எரேமியா. 25:26-இல் சேசாக்கு என்று ஒரு ராஜ்யம் வருகிறது. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. 22 எழுத்துகளை 11, 11 ஆக இரண்டு வரியில், இரண்டாம் வரியைத் தலைகீழாக எழுதுங்கள். ஆலெபுக்கு நேராக தாவ், பேத்துக்கு நேராக ஷீன், இப்படியே போய் காபுக்கு நேராக லாமெத். பாபெல் என்பது பேத், பேத், லாமெத். எதிரெழுத்துகளை எடுத்தால் ஷீன், ஷீன், காப்: ஷேஷாக். 51:41-இல் இரண்டு பெயரும் ஒரே வசனத்தில் நிற்கின்றன. இது ஊகம் அல்ல, தயங்காமல் முதல் பத்தியில் மையால் எழுதலாம்.

சங்கீதம் 136-இல் "அவர் கிருபை என்றுமுள்ளது" 26 முறை. கர்த்தரின் நான்கெழுத்துப் பெயரும் 10, 5, 6, 5: 26. உடனே இரண்டையும் இணைக்கத் தோன்றும். ஆனால் தல்மூத் அந்த 26-க்குச் சொல்லும் காரணம் வேறு: நியாயப்பிரமாணம் கிடைக்கும் முன் வாழ்ந்த 26 தலைமுறைகள், கட்டளை எதுவும் கையில் இல்லாமலே கிருபையால் பிழைத்தவர்கள். எழுத்துக் கூட்டல் தெரிந்த ரபீக்களே வேறொன்றைக் கேட்டிருக்கிறார்கள் என்பதால், என் கூட்டலை மூன்றாம் பத்தியில் வைத்திருக்கிறேன்.

படி 7: ஒரு பகுதியை முழுக்கச் செய்து பார்ப்பது

ஆதியாகமம் 21:22 முதல் 34 வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபிரகாம் தோண்டிய கிணற்றை அபிமெலேக்கின் வேலைக்காரர் பிடுங்கிக்கொண்டார்கள். வழக்கு பேசித் தீர்த்து உடன்படிக்கை பண்ணுகிறார்கள். இடத்தின் பெயர் பெயெர்செபா.

பெஎர் என்றால் கிணறு, சந்தேகமில்லை. செபா? ஷீன், பேத், ஆயின்: ஏழு. ஆணையிடுவதும் இதே மூன்று எழுத்து. அவர்கள் இருவரும் அங்கே ஆணையிட்டுக்கொண்டதால் அந்தப் பெயர் என்கிறது 31-ஆம் வசனம். அதற்கு முன்பே 28-இல் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைப் பிரித்து நிறுத்தியாயிற்று. ஆக ஏழின் கிணறு, ஆணையின் கிணறு. எதைத் தேர்ந்தெடுப்பது என்று உரை நம்மை நெருக்கவில்லை, இரண்டையும் அதுவே கொடுக்கிறது. 26-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் வேலைக்காரர் தண்ணீர் கண்ட நாளில் அதே பெயர் மறுபடி பிறக்கிறது, அங்கேயும் அன்று காலையில்தான் ஆணையிட்டிருக்கிறார்கள்.

இதுவரை எல்லாம் முதல் பத்தி. இப்போது 29-ஆம் வசனத்துக்கு வாருங்கள். ஏழு குட்டிகள் தனியாக நிற்கின்றன. அபிமெலேக்கு அவற்றைப் பார்த்து, நாம் ஒவ்வொருவரும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்கிறான்: நீ தனியே நிறுத்தின இந்த ஏழும் எதற்கு? ஆபிரகாம் ஏழு என்ற எண்ணுக்கு விளக்கம் சொல்லவில்லை. இந்தக் கிணற்றை நான் தோண்டினேன் என்பதற்குச் சாட்சியாக, இந்த ஏழு குட்டிகளையும் என் கையிலிருந்து வாங்கிக்கொள் என்கிறார்.